கடலோரப் புறம்போக்கு

கோல்ஃப் ஆடும் களத்துக்கு ‘லிங்க்ஸ்’ என்றொரு பெயர் வழங்குகிறது. எந்தக் களத்தையும் அப்பெயரால் அழைப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அச்சொல் முதலில் குறித்தது ஆட்டத்தை அன்று, ஆட்டக்களத்தையும் அன்று, ஒருவகை நிலத்தை. மேடு, கரை என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல் ஒன்றின் வழியில் வந்தது அது. ஸ்காட்லாந்தின் கடற்கரைகளில், அலை எட்டாத எல்லையிலிருந்து உழவு தொடங்கும் எல்லை வரை நீண்டு கிடக்கும் மணல்வெளியை அங்குள்ள மக்கள் லிங்க்ஸ் என்றார்கள். கடல் விட்டுச்சென்ற மணல். அதைக் காற்று குவித்தும் குடைந்தும் செய்த மேடுபள்ளங்கள். அவற்றின்மேல் உப்புக்காற்றைத் தாங்கி நிற்கும் குட்டைப் புல். அங்கே ஏர் ஓடாது, மரம் நிலைக்காது. ஆடு மேயும், முயல் வளை தோண்டும், ஊரார் வலையும் துணியும் உலர்த்துவார்கள். யாருக்கும் வரி ஈட்டித் தராத அந்த நிலத்தில்தான் கோலால் பந்தை அடித்துக் குழியில் வீழ்த்தும் ஆட்டம் வேரூன்றியது.

இந்நிலத்துக்குத் தமிழில் பெயர் தேடி அலைய வேண்டியதில்லை. நெய்தல் பாடல்களில் ‘எக்கர்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. அலை கொழித்து ஒதுக்கிய மணல்மேடு என்பது அதன் பொருள். அதன்மேல் அடும்பங்கொடி படரும். அதை ஒட்டிப் புன்னையும் ஞாழலும் தாழையும் நிற்கும். அந்தச் சோலைக்குக் கானல் என்று பெயர். உழவுக்கு உதவாத அந்த எக்கர்தான் நெய்தலின் விளையாட்டுக்களமும். பரதவர் மகளிர் சிற்றில் இழைத்ததும், வண்டற்பாவை புனைந்ததும், நண்டை விரட்டி விளையாடியதும் அங்கேதான். தருமபுரி மாவட்டத்துக் கல்லூரியொன்றில் தமிழ் கற்பிக்கும் நாங்கள் ஆண்டுதோறும் இப்பாடத்தை நடத்துகிறோம். வகுப்பில் பாதிப்பேர் கடலை நேரில் கண்டிராதவர்கள். எக்கர் என்றால் என்னவென்று விளக்கும்போது, “உங்கள் ஊர் மந்தைவெளியை நினைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஏரிக்குப் பதிலாகக் கடல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்வது எங்கள் வழக்கம். அப்படிச் சொல்லிச் சொல்லியே லிங்க்ஸ் என்ற சொல்லின் வரலாற்றிலும் எங்களுக்கு ஈடுபாடு உண்டாயிற்று.

*

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரம் இவ்வாட்டத்தின் தாய்வீடாகக் கருதப்படுகிறது. அதன் வரலாற்றைப் படிப்பவருக்கு ஓர் ஐயம் எழும்: இது விளையாட்டின் வரலாறா, நில வழக்கின் வரலாறா?

1457-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கோல்ஃபையும் கால்பந்தையும் தடை செய்தது. இளைஞர்கள் வில்வித்தைப் பயிற்சியை விட்டுவிட்டு ஆட்டத்தில் திளைக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. போருக்கு ஆள் வேண்டிய அரசு தடைபோடும் அளவுக்கு அன்றே அது பொதுமக்களின் ஆட்டமாக இருந்திருக்கிறது. 1552-இல் பேராயர் ஜான் ஹாமில்டன் ஓர் ஆவணத்தில் ஒப்பமிட்டார். லிங்க்ஸில் முயல் வளர்க்கும் உரிமையை நகரத்திடமிருந்து பெற்றுக்கொண்ட அவர், அங்கே கோல்ஃப் ஆடவும் கால்பந்து ஆடவும் கால்நடை மேய்க்கவும் நகர மக்களுக்கு உள்ள உரிமையை அதில் ஏற்றுக்கொண்டார். மேய்ச்சலும் ஆட்டமும் ஒரே ஓலையில் அடுத்தடுத்து எழுதப்பட்டிருப்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

1754-இல் கனவான்கள் 22 பேர் கூடி ஒரு கழகம் அமைத்தார்கள். 1764-இல் ஒரு சுற்றுக்கு 22 குழிகள் என்றிருந்ததை 18 ஆக்கினார்கள். உலகெங்கும் இன்று 18 என்றிருப்பதன் மூலம் அதுவே. 1834-இல் அரசர் நான்காம் வில்லியம் புரவலராகி, கழகத்துக்கு ‘ராயல் அண்டு ஏன்ஷியன்ட்’ என்ற பெயரும் வந்தது. ஆனால் அரச பட்டம் பெற்ற அந்தக் கழகத்துக்கு ஆட்டக்களம் சொந்தமாக இல்லை. கனவான்கள் பந்தடித்த அதே புல்வெளியில் ஊர்ப் பெண்கள் துணி வெளுத்து உலர்த்திக்கொண்டிருந்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்ட விதிகளில் இதற்கென்றே ஒரு விதி இருக்கிறது. பந்து துணிமேல் விழுந்தால் துணியைப் பந்துக்கு அடியிலிருந்து உருவிக்கொள்ளலாம். சலவைத் தொட்டி அருகிலிருந்தால் அதை நகர்த்திக்கொள்ளலாம். துணி உலர்த்தக் கூடாது என்று விதி எழுத யாருக்கும் தோன்றவில்லை, அல்லது துணிவில்லை. இடம் அப்பெண்களுடையதும்தான்.

இதற்கிடையே ஒரு பேராபத்து வந்து போயிருந்தது. 1797-இல் கடனில் தத்தளித்த நகர மன்றம் லிங்க்ஸைக் கைமாற்றிவிட்டது. அது முயல் வணிகர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. பேராயர் காலத்தில் ஊரார் உரிமைக்குப் பக்கத்தில் இருந்த முயல், இப்போது ஊராரை வெளியேற்றும் முயலாகப் பெருகியது. களமெங்கும் வளைகள். நகரத்தார் முயல்களை அடித்துக் கொன்றார்கள், வழக்காடினார்கள். இருபதாண்டுக்கு மேல் இழுபறி நடந்தது. 1821-இல் ஜேம்ஸ் சீப் என்ற நிலக்கிழார் அந்நிலத்தை வாங்கி ஆட்டத்துக்கு மீட்டுக்கொடுத்தார். 1894-இல் இதற்கென இயற்றப்பட்ட நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே நகரமே அதைத் திரும்பப் பெற்றது. 1974 முதல் ஓர் அறக்கட்டளை பொதுமக்கள் பொருட்டு அதை நிர்வகிக்கிறது.

இன்று அங்குள்ள பழைய களத்தில் எந்தக் கழகத்திலும் உறுப்பினராகாத ஒருவரும் குலுக்கலில் பெயர் கொடுத்து ஆடலாம். களத்தைக் குறுக்கே வெட்டிச் செல்லும் பொதுப்பாதையில் ஆள் நடந்தால் ஆட்டக்காரர் காத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாக ஆட்டம் இல்லை. ஊர்க்காரர்கள் நாய்களோடும் குழந்தைகளோடும் அப்புல்வெளியில் உலவுவார்கள். அருகிலேயே 1867-இல் பெண்கள் தொடங்கிய கழகத்தின் சிறுகளம் இருக்கிறது. அதன் மேடுபள்ளங்களைக் கண்டு அதற்கு ‘இமயமலை’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். அந்தப் பெயர் மட்டும் நம் பக்கத்தது. அரச பட்டம் பெற்ற பெரிய கழகமோ பெண்களை உறுப்பினராக்க 2014-இல்தான் வாக்களித்தது. ஆக, கழகம் மூடியிருந்தது, நிலம் திறந்திருந்தது. இரண்டும் வேறுவேறு என்பதை மறவாமல் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வருவது விளங்கும்.

*

இவ்வாட்டம் கடல் கடந்ததில் நம் பக்கத்துக்கும் பங்குண்டு. முற்காலத்துப் பந்து, தோலுக்குள் அவித்த வாத்திறகைத் திணித்துத் தைத்தது. செய்யக் கடினம், விலை அதிகம், மழையில் நனைந்தால் பயனில்லை. 1840-களின் இறுதியில் மலாயாக் காட்டு மரத்தின் பாலிலிருந்து கிடைக்கும் கட்டாபெர்ச்சாவில் பந்து செய்யக் கற்றார்கள். கிழக்கிலிருந்து செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு அனுப்பப்பட்ட ஒரு விஷ்ணு சிலை உடையாதிருக்க அதைச் சுற்றி அடைத்துவைத்த கட்டாபெர்ச்சாத் துண்டுகளை உருட்டித்தான் முதல் பந்து பிறந்தது என்றொரு கதை அவ்வூரில் வழங்குகிறது. உண்மையோ கதையோ, பந்து மலிந்தது; ஆட்டம் பரவியது.

பரவிய விதம்தான் வேறு. 1829-இல் கல்கத்தாவிலும் 1842-இல் பம்பாயிலும் 1876-இல் பெங்களூரிலும் கழகங்கள் எழுந்தன. பிரிட்டனுக்கு வெளியே மிகப் பழைய கழகம் கல்கத்தாவினுடையது. அங்கெல்லாம் கடலோர மணல்வெளி தேவைப்படவில்லை. நிலத்தை வளைத்துப் புல் வளர்த்துத் தண்ணீர் பாய்ச்சிச் செயற்கையாக மேடுபள்ளம் செய்தார்கள். பங்கர் என்று சொல்லப்படும் மணற்குழி, உண்மையான லிங்க்ஸில் ஆடுகள் காற்றுக்கு ஒதுங்கிப் படுத்துத் தேய்த்த பள்ளம் என்பார்கள். இங்கே அதையும் ஆள்வைத்து வெட்டினார்கள். ஆடு இல்லை, ஆயர் இல்லை, துணி உலர்த்தும் பெண்ணும் இல்லை. ஆட்டம் வந்தது, அதைப் பெற்ற நிலம் வரவில்லை.

இதற்கு ஒரு விதிவிலக்கு கொழும்பில் இருந்தது. அங்கே கோல்ஃப் உண்மையாகவே கடலோரப் பொதுத்திடலில் தொடங்கியது.

கொழும்பு நகரம் எங்கள் பகுதிக்குப் புதிதன்று. இன்றைய தருமபுரி மாவட்டத்தையும் உள்ளடக்கிய அன்றைய சேலம் மாவட்டம், இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய மாவட்டங்களுள் ஒன்று. ஊரில் பஞ்சம் என்றால் கண்டிச்சீமை என்பது அக்காலத்து வழி. மலையில் காப்பியை இலைநோய் அழித்துத் தேயிலை வேரூன்றிக்கொண்டிருந்த 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில், கொழும்பின் வெள்ளையர்கள் காலிமுகத்திடலில் கோல்ஃப் கழகம் ஒன்றைத் தொடங்கினார்கள்.

கோட்டையிலிருந்து தெற்கே, காலி நகரை நோக்கிப் போகும் பக்கத்துத் திடல் என்பதால் அதற்குக் காலிமுகத்திடல் என்று பெயர். ஒல்லாந்தர் காலத்தில் அது பீரங்கி வெளி. கோட்டையைத் தாக்க வருபவர் மறைந்து நிற்க மரமோ மனையோ இருக்கக்கூடாது என்பதற்காக வெறுமையாக வைக்கப்பட்டது. பின்னர் ஆளுநர் ஹென்றி வார்டு அங்கே கடலோர நடைபாதை அமைத்தார். 1856-இல் தொடங்கி 1859-இல் முடிந்த அவ்வேலையைக் குறிக்கும் கல்லில், கொழும்பின் பெண்கள், குழந்தைகள் நலம் கருதி இதைப் பேணிக்காக்குமாறு தமக்குப் பின்வரும் ஆளுநர்களிடம் அவர் ஒப்படைக்கிறார். அவர் மனத்தில் இருந்தவர்கள் எந்தப் பெண்கள், எந்தக் குழந்தைகள் என்று நாம் ஊகிக்கலாம். ஆனால் கல்லில் பொறித்த சொல்லுக்கு ஒரு குணம் உண்டு. எழுதியவர் எண்ணாத ஆள்களுக்கும் அது இடம் விட்டுவிடும்.

அத்திடலில் குதிரைப்பந்தயமும் நடந்தது, கோல்ஃபும் நடந்தது. கடற்காற்று, மணற்பாங்கான தரை, நடுவே உலவும் மக்கள் என லிங்க்ஸின் இலக்கணம் ஏறத்தாழப் பொருந்தி வந்தது. ஆயினும் பதினாறு ஆண்டுகளுக்கு மேல் அது நீடிக்கவில்லை. 1896-இல் கழகம் உள்நாட்டுப் பக்கமாகப் பொரளைக்குக் குடிபெயர்ந்தது. புதிய களத்துக்கு ஆளுநர் வெஸ்ட் ரிட்ஜ்வேயின் பெயரை வைத்து ‘ரிட்ஜ்வே கோல்ஃப் லிங்க்ஸ்’ என்றார்கள். கடலை விட்டுப் போனவர்கள் கடலோர நிலத்தின் பெயரை மட்டும் கையோடு கொண்டுபோனார்கள். 1928-இல் அரச பட்டம் கிடைத்து ‘ராயல் கொழும்பு கோல்ஃப் கிளப்’ ஆனது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. களனிப் பள்ளத்தாக்கு ரயில் பாதை அக்களத்தின் ஊடே செல்வதால், ரயில் போகும்வரை ஆட்டக்காரர்கள் நின்றுதான் ஆகவேண்டும். பொதுமக்கள் அக்களத்தை ஊடறுத்துச் செல்லும் ஒரே வழி அதுவே.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்குக்காகக் கொழும்பு சென்ற நாங்கள் மூவர், ஒரு மாலையைக் காலிமுகத்திடலில் கழித்தோம். இறால் வடை வண்டிகளும் பட்டம் விற்பவர்களும் குடைக்குள் ஒதுங்கிய காதலர்களும் பள்ளிப்பிள்ளைகளும் நிறைந்திருந்தனர். கோல்ஃபின் சுவடு எதுவும் இல்லை. கடலை விற்றுக்கொண்டிருந்த முதியவரிடம் பேச்சுக் கொடுத்து, ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் இங்கே கோல்ஃப் ஆடினார்கள் தெரியுமா என்று கேட்டோம். அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்: “இங்கயா சேர்? இங்க பந்தடிச்சா யார்ட சரி மண்டையிலதானே விழும்?”

பொதுத்திடலில் பந்தடிப்பவன் பிறர் தலையை எண்ணித்தான் அடிக்க வேண்டும் என்பதுதான் செயின்ட் ஆண்ட்ரூஸின் சலவைத்தொட்டி விதி. துணியை உருவிக்கொண்டு ஆடுவது ஒரு வழி. துணியில்லாத இடத்துக்குப் போய்விடுவது இன்னொரு வழி. காலனிய நாடுகளில் ஆட்டம் இரண்டாவது வழியையே தேர்ந்தது.

*

ஆட்டம் போன பிறகும் திடல் இருந்தது. அதற்குப் பிறகுதான் அதன் உண்மையான வரலாறு தொடங்கியது எனலாம்.

1956 ஜூன் 5 அன்று, சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, சா. ஜே. வே. செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் இத்திடலில்தான் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். நாடாளுமன்றம் அப்போது திடலின் வட எல்லையில் இருந்தது. அமைதியாக அமர்ந்திருந்தவர்களைக் கும்பல் தாக்கியது, பலருக்குக் காயம். ஈழத்தமிழர் வரலாற்றில் காலிமுகத்திடல் என்ற பெயர் அன்று குருதியோடு எழுதப்பட்டது.

2022 ஏப்ரல் 9 முதல் அதே திடலில், பொருளாதார வீழ்ச்சிக்குக் காரணமான குடியரசுத் தலைவர் பதவி விலக வேண்டும் என்று மக்கள் கூடாரமடித்துத் தங்கினார்கள். மே 9 அன்று அவர்களும் தாக்கப்பட்டார்கள், கலையவில்லை. மே 18 அன்று, முள்ளிவாய்க்காலில் இறந்தோருக்காக அங்கே விளக்கேற்றப்பட்டது, கஞ்சி வழங்கப்பட்டது. தமிழுக்காக அமர்ந்தவர்கள் அடிபட்ட அதே புல்தரையில், 66 ஆண்டுகளுக்குப் பின், சிங்களர்களும் சேர்ந்து நின்று அந்தக் கஞ்சியைக் குடித்தார்கள். இது எதையும் ஈடுசெய்துவிடாது. ஆயினும் திடல் என்ற ஒன்று இல்லாதிருந்தால் இதற்கும் இடமிருந்திராது. 1896-இல் கழகம் பொரளைக்குப் போகாமல், காலிமுகத்திடலைச் சுற்றி வேலியிட்டுத் தன்னதாக்கிக்கொண்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தோம். கடலைப் பார்த்தபடி பசுமையாக ஒரு களம் இருந்திருக்கும். 1956-உம் 2022-உம் வேறெங்கோ தெருமுனையில் நடந்திருக்கும்.

வேலி எங்கும் விழலாம். ஸ்காட்லாந்திலேயே, அபர்டீனுக்கு வடக்கே கடலோர மணற்குன்றுகளின்மேல் டொனால்ட் டிரம்பின் நிறுவனம் அமைத்த களம் 2012-இல் திறக்கப்பட்டது. காற்றோடு நகர்ந்துகொண்டே இருந்த அம்மணற்குன்றுகள் அறிவியல் சிறப்புக்காகப் பாதுகாக்கப்பட்டவை. களத்துக்காக அவற்றை நிலைநிறுத்தியதில் சிறப்பு அழிந்துவிட்டதென்று 2020-இல் அப்பகுதியின் பாதுகாப்புத் தகுதி நீக்கப்பட்டது. லிங்க்ஸ் ஆட்டம் லிங்க்ஸ் நிலத்தையே விழுங்கிய கதை இது. மாறாக, வேலி அகன்ற கதையும் நமக்கு அருகிலேயே உண்டு. சென்னைக் கிண்டியில் ஏறத்தாழ 160 ஏக்கர் அரசு நிலம் 99 ஆண்டுக் குத்தகையில் குதிரைப்பந்தயக் கழகத்திடம் இருந்தது. ஆண்டு வாடகை சில நூறு ரூபாய். அதற்குள்தான் ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் களமும் இருந்தது. 2024 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு குத்தகையை முடித்து நிலத்தைக் கையகப்படுத்தியது, வழக்குகள் நடந்தன, மழைவெள்ளத்தைத் தாங்க அங்கே குளங்கள் வெட்டப்பட்டன.

*

இவ்வளவும் எழுதுவதற்குக் காரணம் கோல்ஃப் அன்று. எங்களில் யாரும் அக்கோலைத் தொட்டதில்லை.

நம் வருவாய்த்துறைப் பதிவேடுகளில் ஒரு சொல் உண்டு: புறம்போக்கு. வரி விதிக்கப்படும் நிலத்துக்குப் புறம்பானது என்பது அதன் பொருள். மேய்க்கால் புறம்போக்கு, மந்தைவெளிப் புறம்போக்கு, ஏரிப் புறம்போக்கு என்று ஊருக்குப் பொதுவான அத்தனையும் அச்சொல்லுக்குள் அடங்கும். அதே சொல்லை நாம் ஒருவரை இழிவுபடுத்தவும் பயன்படுத்துகிறோம். எவருக்கும் தனியுடைமை ஆகாத ஒன்று எதற்கும் உதவாதது என்ற எண்ணம் மொழியிலேயே படிந்துவிட்டது. லிங்க்ஸ் என்ற சொல்லும் இப்படியொரு நிலத்தைத்தான் குறித்தது. அது உலகின் செல்வர்கள் வாயில் பெருமைக்குரிய சொல்லாயிற்று, புறம்போக்கு வசைச்சொல்லாயிற்று. நிலம் ஒன்றுதான்.

தருமபுரிப் பகுதியின் நடுகற்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள்: தொறு கொண்டும் தொறு மீட்டும் பட்ட வீரர்கள் அவர்கள். தொறு என்றால் கால்நடைக் கூட்டம். ஆநிரை இருந்ததென்றால் அது மேய்ந்த பொதுவெளியும் இருந்திருக்க வேண்டும். அந்த வெளியின் மிச்சம்தான் எங்கள் ஊர்களின் மந்தை. கிட்டிப்புள்ளும் எருது விடும் விழாவும் சந்தையும் பாரதக்கூத்தும் நடக்கும் இடம் அது. கூத்தின் இறுதிநாளில் துரியோதனன் படுகளத்துக்கு, அவன் உருவத்தை மண்ணால் தரையில் மல்லாக்கக் கிடத்துவார்கள். எங்களுக்குத் தெரிந்த ஓர் ஊரில் அந்த உருவம் ஆண்டுக்கு ஆண்டு குறுகி வருகிறது. முன்பு அவன் காலடியிலிருந்து தலைவரை நடக்க நாற்பது எட்டு ஆகுமாம். இப்போது இருபதுகூட இல்லை. மண்ணுக்குப் பஞ்சமில்லை, செய்யும் கைகளுக்கும் குறைவில்லை. ஒருபக்கம் சுற்றுச்சுவர் வந்துவிட்டது, இன்னொரு பக்கம் கம்பிவேலி. நடுவில் எஞ்சிய இடத்தில் எவ்வளவு நீளமுடியுமோ அவ்வளவுதான் துரியோதனன்.

“காலை மடக்கிப் படுக்கவைத்துவிடலாமா?” என்று இளைஞர் ஒருவர் கேட்டாராம். ஊசிமுனை நிலமும் தரமாட்டேன் என்று சொன்னவன், நிலமில்லாமல் கால் மடக்கிக் கிடப்பதா என்று கூத்தாசிரியர் சிரித்திருக்கிறார். அச்சிரிப்பு ஊரில் யாருக்கும் மகிழ்ச்சி தரவில்லை.

செயின்ட் ஆண்ட்ரூஸ் மக்கள் தங்கள் மணல்வெளியைத் திரும்பப் பெற ஏறத்தாழ நூறாண்டு ஆயிற்று. அதற்கு அவர்கள் கையில் இருந்தது 1552-ஆம் ஆண்டின் ஓர் ஓலையும், அங்கே ஆடுவது எங்கள் வழக்கம் என்ற பிடிவாதமும். எங்கள் ஊர்களின் ஓலை, கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேடு. மந்தைவெளிப் புறம்போக்கு இத்தனை ஏக்கர் என்று அதில் எழுதியிருக்கும். இப்போதெல்லாம் எக்கரைப் பற்றிய பாடம் முடிந்ததும் மாணவர்களிடம் ஒன்று சொல்லி அனுப்புகிறோம்: அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, மந்தையில் இறங்கி ஒருமுறை எல்லைவரை நடந்துவிட்டு வாருங்கள்.